அடைப்புக்குறிக்குள் ஒரு பொ

வைகாசியில் கேட்டேன்.
"காத்து எறங்கிருச்சுங்க இசக்கியப்பன்,
ஒரு மெஷின் நிக்கக் கூடாது,
அப்புறம் பேசலாம்" என்றார்.
புரட்டாசி கழிந்து கேட்டேன்.
"காத்தே இல்லீங்களே,
எதை வெச்சுக் கேக்கறது" என்றார்.
ரெண்டுக்கும் நடுவில் ஒரு வாரம் உண்டு.
அந்த வாரம் அவர் கோயம்புத்தூரில் இருப்பார்.

பழவூர் சைட்டில் முப்பத்தொரு காற்றாலை.
ரூபன் மாறுதலாகிப் போன அன்று
சாவிக்கொத்து என் கைக்கு வந்தது.
மின்வாரியத்தில் ஓய்வுபெற்று இங்கே ஸ்டோர் பார்க்கும்
சங்கரபாண்டியன் அண்ணாச்சி
லாக் புத்தகத்தில் என் பேருக்குப் பின்னால்
அடைப்புக்குறி போட்டு ஒரு 'பொ' எழுதினார்.
பொறுப்பு என்று அர்த்தம்.
"ஒரு மாசந்தாம்வே, பொறவு எடுத்துரலாம்."
அதற்கப்புறம் ஏழு லாக் புத்தகம் தீர்ந்துவிட்டது.

பொறுப்பைத் தந்தவர்கள்
பொறு என்றார்கள்.
ஒரு 'ப்பு'தான் வித்தியாசம்.
சம்பளத்தில் அது பதினோராயிரம்.

நேற்று ஆடிட்டுக்காக
நவநீதன் சாரே ஏற வேண்டி வந்தது.
பத்தொன்பதாம் நம்பர். லிப்ட் கிடையாது.
இருநூற்று எழுபத்தெட்டுப் படி.
நூறாவதில் பேச்சை நிறுத்தினார்.
நூற்றைம்பதில் மருதமலையானைக் கூப்பிட்டார்.
உச்சியில் மூடியைத் திறந்து தலையை நீட்டினால்
ஒரு பக்கம் மகேந்திரகிரி,
மறுபக்கம் கூடங்குளத்துக் குமிழ்கள்,
அதற்கப்பால் கடல் ஒரு கோடாக.
கீழே முருங்கைத் தோட்டத்தோரம்
எங்கள் ஜீப், தீப்பெட்டி அளவுக்கு.
காலடியில் லேசாக ஆடியது.
ஆடத்தான் செய்யும்.
ஆடாவிட்டால்தான் பயப்பட வேண்டும்.
இதை அவருக்குச் சொல்லி முடிப்பதற்குள்
என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.
வாட்ச் வார் பதிந்து தடம் விழுந்துவிட்டது.

அப்போது கேட்டிருக்கலாம்.
சத்தியமாகத் தந்திருப்பார்,
சைட் இன்சார்ஜ் என்ன, அவர் நாற்காலியையே.
வாயைத் திறக்கத்தான் செய்தேன்.
"சார், கொக்கிய மாட்டுங்க,
கீழ பாக்காதீங்க,
நான் மின்ன எறங்குதேன்,
என் தொப்பியப் பாத்துக்கிட்டே வாங்க"
என்றுதான் வந்தது.

தரைக்கு வந்து, ஒரு பாட்டில் தண்ணீர் குடித்து,
வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்ததும்
அவருக்குக் குரல் திரும்பிவிட்டது.
என் மஞ்சள் தொப்பி கக்கத்தில் இருந்தது.
துண்டை இடுக்கி நிற்பது மாதிரி
எனக்கே கேவலமாகப் பட்டது.
எடுத்துத் தலையில் போட்டேன்.

"சிரிச்சுக்கிட்டே கேக்காதிய,
சிரிச்சா சும்மா கேக்காருன்னு நெனச்சிருவாவ"
என்று பேச்சித்தாய் சொல்லியனுப்பியிருந்தாள்.
கியர் பாக்ஸ் எரிந்த ராத்திரி,
புயலன்று இருபது மணி நேரம்,
போன வருஷத்து யூனிட் கணக்கு,
எல்லாம் தேதிவாரியாக மனப்பாடம் பண்ணியிருந்தேன்.
ஒரு தேதியும் வரவில்லை.
"சார், எனக்கு சைட் இன்சார்ஜ் வேணும்."
அவ்வளவுதான்.
சிரிக்கவில்லை.

"மெயில் போடுங்க" என்றார்.
"மேல அனுப்பறேன்."
"மேலதான சார் இப்பம் போய்ட்டு வந்தோம்."
டிரைவர் இருமுகிற மாதிரி சிரித்தான்.
அவர் சிரிக்கவில்லை.
ஜீப்பில் ஏறப் போனவர்
நின்று என் மணிக்கட்டைப் பார்த்தார்.
"வலிக்குதுங்களா" என்றார்.
இல்லை என்றேன்.
அதுவும் பொய்தான்.

பணகுடி வந்ததும்
டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து
போனிலேயே மெயில் அடித்தேன்.
"தாழ்மையுடன்" என்று தொடங்கியதை அழித்துவிட்டு
"வணக்கம்" என்று வைத்தேன்.
வடை ஆறிப்போனது.

ராத்திரி லாக் புத்தகத்தில்
பேரை எழுதி, அடைப்புக்குறியைத் திறந்தேன்.
உள்ளே ஒன்றும் எழுதவில்லை.
மூடவும் இல்லை.
"என்னவே, பாதியில விட்டுட்டீரு?"
"மெயில் போயிருக்கு அண்ணாச்சி."
அவர் பேனாவை எடுத்தார்.
பிறகு மூடிபோட்டுச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார்.

வெளியே பத்தொன்பதாம் நம்பர்
மெள்ளச் சுற்றிக்கொண்டிருந்தது,
யூனிட் ஏறாத காற்றில்.